போர்மட் அடிக்க முதல் டிஸ்க்கைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நேற்று இரவு வரை ஒழுங்காக வேலை செய்த லெப்டொப், காலையில் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. ஒரு வேர்ட் கோப்பு திறக்க மூன்று நிமிடம் எடுக்கிறது. திருத்தும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், மட்டக்களப்பு நகரிலும் சரி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமும் சரி, பல இடங்களில் மூடியைத் திறந்து பார்க்க முதலே பதில் வந்துவிடுகிறது: "போர்மட் அடிச்சாச் சரி." அதாவது, கோப்புகள் இருக்கும் டிஸ்க்கை அழித்து விண்டோஸை மறுபடி போடுவது. வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் உள்ள பல்கலைக்கழகங்களில் படிக்கும் பிள்ளைகளின் ஆய்வறிக்கைகள், ஆசிரியர்களின் புள்ளிப் பட்டியல்கள், வீட்டுப் படங்கள் எல்லாம் அந்த ஒரு சொல்லில் தொங்குகின்றன. பல வேளைகளில் அவற்றை இழந்த பிறகும் லெப்டொப் வேகமாவதில்லை, காரணம் விண்டோஸில் இருக்கவில்லை என்பதால். இதைப் பற்றித் தங்கள் வாசகர்களுக்குச் சற்று விளக்கமாக எழுத விரும்புகிறோம்.

ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மந்தமாவது ஒரு விடயம். ஒரே நாளில் படுத்துவிடுவது வேறு விடயம். ஒரே நாளில் என்றால் ஏதோ ஒன்று அண்மையில் மாறியிருக்கிறது. டிஸ்க் பழுதாகத் தொடங்கியிருக்கலாம், சார்ஜர் மாறியிருக்கலாம், விசிறி நின்றிருக்கலாம், ரெம் என்ற தற்காலிக நினைவகத் தட்டு ஒன்று தொடர்பு விட்டிருக்கலாம், சி டிரைவ் நிரம்பியிருக்கலாம், அப்டேட் ஒன்று பின்னால் ஓடிக்கொண்டிருக்கலாம், வைரஸ் புகுந்திருக்கலாம். இந்த ஏழில் போர்மட் உண்மையில் தீர்ப்பது கடைசி மூன்றை மட்டும்தான். அதிலும் நிரம்பிய டிரைவைப் போர்மட் இல்லாமலே காலியாக்கலாம், அப்டேட் தானாகவே முடிந்துவிடும்.

முதலில் 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். "மூடித் திறந்தேன், மாறவில்லை" என்று சொல்பவர்கள் அநேகமாக 'ஷட் டவுன்' செய்திருப்பார்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் 'பாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி இருக்கிறது. அது இயங்கும் லெப்டொப்பை ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸின் உள்பகுதி முழுதாக மூடப்படாமல் டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே திரும்ப எடுக்கப்படும். ரீஸ்டார்ட் செய்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். டாஸ்க் மனேஜரில் (திறக்கும் வழி அடுத்த பந்தியில்) 'பெர்போமன்ஸ்' பக்கத்தில் சி.பி.யு. எனப்படும் மூளைச் சிப்புக்குக் கீழே 'அப் டைம்' என்று ஒரு எண் இருக்கும். நாள்தோறும் மூடி வைக்கும் லெப்டொப்பில் அது 20 நாள், 30 நாள் என்று நிற்பதைக் காணலாம்.

ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் மந்தமென்றால் எதையும் திறக்காமல் ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் வரும். சி.பி.யு., மெமரி, டிஸ்க் என்ற மூன்று நிரல்களில் எது உயர்ந்து நிற்கிறது என்று பாருங்கள். மூன்றும் குறைவாக இருந்தும் லெப்டொப் ஊர்ந்தால் அதுவும் ஒரு விடைதான். அப்போது சார்ஜரையும் சூட்டையும் பார்க்க வேண்டும். அதற்குப் பின்னால் வருகிறோம்.

டிஸ்க் 100 வீதத்தில் நிற்பதுதான் அதிகம் காணும் நிலை. பழைய சுழலும் ஹாட் டிஸ்க் உள்ள லெப்டொப்பில் ஓன் பண்ணிய முதல் சில நிமிடம் 100 வீதம் காட்டுவது வழமை, அது பழுதில்லை. அரை மணி நேரம் கழிந்தும் இறங்காவிட்டால் 'பெர்போமன்ஸ்' பக்கத்தில் டிஸ்க்கை அழுத்தி இரண்டு எண்களைச் சேர்த்துப் பாருங்கள்: ஒன்று வாசிக்கும், எழுதும் வேகம், மற்றது 'அவரேஜ் ரெஸ்பொன்ஸ் டைம்'. நல்ல ஹாட் டிஸ்க் தொடராக வாசிக்கும்போது விநாடிக்கு ஏறத்தாழ 100 எம்பி வரை போகும். சுழலும் பாகமில்லாத எஸ்.எஸ்.டி. டிஸ்க்கில் சாட்டா வகை 500 எம்பியை எட்டும். டிஸ்க் 100 வீதம் வேலை என்று சொல்லிக்கொண்டு விநாடிக்கு அரை எம்பிகூட நகராமல், பதில் தர 2000, 3000 மில்லி செக்கன் எடுக்கிறதென்றால், அது கெட்டுப்போன ஓர் இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்க முயன்றுகொண்டிருக்கிறது. வேலைப் பளுவால் வருவதில்லை இது. விண்டோஸ் அந்த வாசிப்புக்காகக் காத்து நிற்பதால்தான் திரை உறைகிறது.

இதை உறுதிப்படுத்த 'கிறிஸ்டல் டிஸ்க் இன்போ' என்ற இலவச மென்பொருள் போதும். மேலே நீல நிறத்தில் 'குட்' என்று இருந்தாலும் அங்கே நிறுத்த வேண்டாம். ஹாட் டிஸ்க்கென்றால் கீழேயுள்ள பட்டியலில் 'ரீஅலொகேட்டட் செக்டர்ஸ்', 'கரண்ட் பென்டிங் செக்டர்', 'அன்கரெக்டபிள் செக்டர்' ஆகிய மூன்று வரிகளின் கடைசி நிரலில் பூச்சியம் மட்டுமே இருக்க வேண்டும். 'பென்டிங்' வரியில் எண் ஏறியிருந்தால், வாசிக்க முடியாத இடங்கள் இப்போதே இருக்கின்றன என்று பொருள். மஞ்சள் நிறத்தில் 'கோஷன்' வந்தால் கோப்புகளை அன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஆனால் ஒன்று: 'அல்ட்ரா டிஎம்ஏ சிஆர்சி எரர்' என்ற வரி மட்டும் ஏறிக்கொண்டு போனால், டிஸ்க் நல்லதாகவும் அதை மதர்போட்டுடன் இணைக்கும் தட்டையான கேபிள் பழுதாகவும் இருக்க வாய்ப்பு அதிகம். கடற்கரையோரத்து உப்புக் காற்றில் அந்த இணைப்பின் முனைகள் கறுத்துப்போவதுண்டு. கேபிளைக் கழற்றித் துடைத்துப் போட்டாலே தீரக்கூடிய குறைக்கு டிஸ்க்கை மாற்றச் சொல்வது நியாயமில்லை.

விண்டோஸும் தன் பங்குக்கு எழுதி வைத்திருக்கும். ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து 'இவென்ட் வியூவர்', பிறகு 'விண்டோஸ் லொக்ஸ்', 'சிஸ்டம்' என்று போனால், 'டிஸ்க்' என்ற பெயருடன் 7 அல்லது 153 என்ற எண் வரிசையாக நிற்கிறதா என்று பாருங்கள். 7 என்றால் பழுதான பகுதி. 153 என்றால் வாசிப்பு தோற்றுத் திரும்ப முயலப்பட்டது. எந்தத் திகதியிலிருந்து தொடங்கியது என்பதும் அங்கேயே தெரியும். லெப்டொப் விழுந்த நாளோ, பைக்கில் குலுங்கிப்போன நாளோ அந்தத் திகதியோடு பொருந்துவதுண்டு.

இப்படியான டிஸ்க்கில் போர்மட் அடித்தால் என்ன நடக்கிறது? 'குவிக் போர்மட்' டிஸ்க்கின் பழுதைத் தேடிப் பார்ப்பதில்லை, அட்டவணையை மட்டும் புதிதாக எழுதுகிறது. அதன் மேல் ஏறத்தாழ 20 ஜிபி விண்டோஸ் எழுதப்படுகிறது. பழைய கோப்புகள் இருந்த இடங்கள் மேலெழுதப்படுவதால் மீட்கும் வழியும் அடைபடுகிறது. புதிய விண்டோஸ் நல்ல இடத்தில் விழுந்தால் ஓரிரு கிழமை நன்றாக ஓடும், பிறகு பழையபடி ஆகும். அப்போது கையில் கோப்பும் இருக்காது, கொடுத்த காசும் இருக்காது.

ஆகவே முதலில் கோப்புகளைப் பிரதி எடுங்கள். முழு டிரைவையும் ஒரேயடியாக இழுக்காதீர்கள், பழுதான இடத்தில் மாட்டி எல்லாம் நின்றுவிடும். சிறியதும் முக்கியமானதும் முதலில்: ஆய்வறிக்கை, கணக்குகள், படங்கள். ஒரு போல்டராக, ஒரு போல்டராக. நீண்ட வீடியோக்கள் கடைசியில். ஒரு கோப்பில் மாட்டினால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பிரதி எடுத்து முடிய முதல் 'செக் டிஸ்க்' கட்டளையை 'ஆர்' இணைத்து ஓட விட வேண்டாம், கோப்புகளை இடம் மாற்றி அடுக்கும் 'டிபிராக்' வேண்டவே வேண்டாம். இரண்டும் சாகக் கிடக்கும் டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் ஓட வைக்கும். டிஸ்க்கிலிருந்து டிக், டிக் என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். தரவு மீட்பவரிடம் கொடுக்க வேண்டியது அது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் ஓடும் என்று சொல்வார்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் வெளியே எடுத்ததும் உள்ளே நீர் படியும், செய்யாதீர்கள்.

விண்டோஸ் 11 உள்ள புதிய லெப்டொப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கலாம். கழற்றி வேறு இயந்திரத்தில் போட்டால் 48 இலக்க மீட்புத் திறவுகோல் கேட்கும். மைக்ரோசொப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கும். கடைக்குக் கொண்டுபோக முதல் அதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சார்ஜர். இதை அநேகர் சந்தேகிப்பதேயில்லை. சார்ஜர் பழுதென்றால் சார்ஜ் ஏறாது, அவ்வளவுதான் என்று நினைக்கிறார்கள். டாஸ்க் மனேஜரில் சி.பி.யு. பக்கத்தில் 'ஸ்பீட்' என்ற எண்ணைப் பாருங்கள். இரண்டு, மூன்று கிகாஹேர்ட்ஸ் காட்ட வேண்டிய இடத்தில் 0.4, 0.8 என்று அசையாமல் நின்றால் லெப்டொப்பை யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டு பற்றரியில் மட்டும் ஓட விடுங்கள். எண் சட்டென்று ஏறினால் குற்றவாளி சார்ஜர்தான்.

டெல் லெப்டொப்பின் வட்டமான சார்ஜர் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுவில் ஊசிபோல மெல்லிய ஒரு கம்பி இருக்கும். மின்சாரம் அதன் வழியாக வருவதில்லை, "நான் 65 வோட் சார்ஜர்" என்று லெப்டொப்புக்குச் சொல்வதுதான் அதன் வேலை. அந்தக் கம்பி வளைந்தாலோ, முறிந்தாலோ, வயர் கழுத்தில் உள்ளே அறுந்தாலோ, மலிவான மாற்றுச் சார்ஜரில் அந்தச் செய்தி ஒழுங்காக வராவிட்டாலோ, லெப்டொப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்து, பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றுவதையும் நிறுத்திவிடும். ஓன் பண்ணும்போது அடாப்டரின் வகையை அறிய முடியவில்லை என்று ஒரு வரி வரும். பலர் என்டர் தட்டிக் கடந்துவிடுகிறார்கள். எப்2 அழுத்தி பயோஸ் என்ற அடிப்படை அமைப்புப் பக்கத்துக்குள் போனால் அடாப்டர் எத்தனை வோட் என்று காட்டும். அங்கே எண் வராவிட்டால் விடயம் முடிந்தது.

மற்ற வகைகளிலும் அடாப்டரின் முதுகில் ஒட்டியிருப்பதை வாசியுங்கள். வோல்டையும் அம்பியரையும் பெருக்கினால் வோட். 19.5 வோல்ட், 3.34 அம்பியர் என்றால் 65 வோட். அதே 19.5 வோல்டில் 2.31 அம்பியர் என்றால் 45 வோட். முனை பொருந்துகிறதே என்று 65 வோட் கேட்கும் லெப்டொப்புக்கு 45 வோட் சார்ஜரைக் குத்தினால் ஓடும், ஆனால் மந்தமாக ஓடும். டைப்-சி லெப்டொப்பில் போன் சார்ஜரைச் செருகுவதும் இதே கதைதான், பல போன் சார்ஜர்களில் 15, 18 வோட் அளவுதான் வரும். பற்றரி முற்றாகச் செத்துப்போன சில லெப்டொப்களும் சார்ஜரில் மட்டும் ஓடும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஓன் பண்ணிய நிமிடத்திலிருந்தே மந்தமென்றால் மேலே சொன்னவை. முதல் பத்து நிமிடம் பறந்து, பிறகு படுத்தால், சூடு. வேகம் எப்போது போகிறது என்ற இந்தக் கேள்வியை ஒவ்வொரு கடைக்காரரும் கேட்க வேண்டும், வாடிக்கையாளரும் கவனித்துச் சொல்ல வேண்டும். மடிக்கணினிகளுக்குரிய பல இன்டெல் சிப்கள் 100 பாகை செல்சியஸ் வரை தாங்கும். அதை நெருங்கியதும் தாமாகவே வேகத்தைக் குறைக்கும். 'எச்.டபிள்யு. இன்போ' என்ற இலவச மென்பொருளில் சூட்டையும், 'தேர்மல் த்ரொட்லிங்' வரியில் 'யெஸ்' வருகிறதா என்பதையும் பார்க்கலாம். மென்பொருள் இல்லாவிட்டால் கை போதும். காற்று வெளிவரும் ஓட்டையில் விரலை வையுங்கள். விசிறி இரைகிறது, அடிப்பக்கம் சுடுகிறது, ஆனால் விரலில் காற்றுப் படவில்லை என்றால் வழி அடைபட்டிருக்கிறது. சுடுகிறது, இரைச்சலே இல்லை என்றால் விசிறி நின்றுவிட்டது.

வழி அடைபடுவது வெளியிலிருந்து தெரியாது. விசிறியைக் கழற்றினால், அதற்கும் செம்புக் குழாய் போய்ச் சேரும் மெல்லிய தகடுகளுக்கும் இடையில் கம்பளித் துணிபோல ஒரு படை ஒட்டியிருக்கும். ஊசியால் கிளப்பினால் ஒரே துண்டாக உரிந்து வரும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இந்தப் படை விரைவாக வளர்கிறது. மருதமுனையில் தறி ஓடும் வீடுகளில் பஞ்சுத் துகள், நெல் ஆலைக்கு அருகில் உமித்தூசு. இப்படியான இடங்களில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை துப்புரவாக்க வேண்டும், மற்ற வீடுகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை போதும். மெத்தையிலும் தலையணையிலும் வைத்து வேலை செய்தால் அடிப்பக்கத்துக் காற்று வாயில் மூடுகிறது, அதற்கு எந்தத் துப்புரவும் உதவாது.

வெளியிலிருந்து புளோவர் பிடிப்பது அரை வேலை. அந்தப் படை உள்ளேயே திரும்பிப் படுக்கும். விசிறியும் தாறுமாறாகச் சுழன்று தாங்கி கெடும், ஊதும்போது இதழை ஒரு பல்குத்தியால் பிடித்துக்கொள்ள வேண்டும். திறந்ததும் முதல் வேலை பற்றரியின் இணைப்பைக் கழற்றுவது. ஆணிகள் எல்லாம் ஒரே நீளமில்லை, குட்டை ஆணியின் குழியில் நெட்டை ஆணியை முறுக்கினால் மேல் தட்டு புடைக்கும். தாளில் படம் கீறி, அந்தந்த இடத்தில் ஆணியைக் குத்தி வையுங்கள். சிப்பின் மேல் காய்ந்துபோன பசையை ஐசோபுரொப்பைல் அல்கஹோலால் துடைத்து, புதிதாக நெல்மணி அளவு வைத்தால் போதும். அள்ளிப் பூசினால் சூடு கடத்துவது அதிகரிக்காது. ரப்பர்போன்ற பாட் இருந்த இடத்தில் பசையைப் பூச வேண்டாம், இடைவெளி நிரம்பாது. டச் பாட் மேலே எழும்பி, மூடி சரியாக மூடாமல் இருந்தால் பற்றரி வீங்கியிருக்கிறது. சார்ஜரைக் கழற்றி, அணைத்துவிட்டு, அமுக்காமல், குத்தாமல் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

மற்றவை சுருக்கமாக. மெமரி 90 வீதத்துக்கு மேல் நின்றால் மொத்த ரெம் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். 8 ஜிபி போட்ட லெப்டொப் 4 ஜிபி காட்டினால் ஒரு தட்டு தொடர்பு விட்டிருக்கிறது. கழற்றி, பொன்னிற முனைகளை வெள்ளை அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, தூளைத் துடைத்துப் போட்டால் அநேகமாகத் திரும்ப வரும். சி டிரைவ் சிவப்பில் நின்றால் 15 வீதமாவது காலியாக்குங்கள், நிரம்பிய எஸ்.எஸ்.டி.க்கு எழுத இடம் தேடியே நேரம் போகும். 'விண்டோஸ் மொடியூல்ஸ் இன்ஸ்டோலர் வேக்கர்', 'அன்டிமல்வேர் சேர்விஸ்' என்ற பெயர்கள் மேலே நின்றால், பல நாள் இணையமில்லாமல் இருந்த லெப்டொப் அப்டேட்டை நிறுவிக்கொண்டோ வைரஸ் தேடிக்கொண்டோ இருக்கிறது. சார்ஜரில் போட்டு இரண்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். இரண்டு அன்டிவைரஸ் ஒரே லெப்டொப்பில் வேண்டாம். 'சிஸ்டம் இன்டரப்ட்ஸ்' இரண்டு வீதத்தைத் தாண்டி நின்றால் யு.எஸ்.பி.யில் செருகியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்.

டாஸ்க் மனேஜரைத் திறந்தவுடன் விசிறிச் சத்தம் அடங்கி, மூடியதும் திரும்ப இரைந்தால், களவு மென்பொருளோடு வந்த ஏதோ ஒன்று ஒளித்து ஓடுகிறது என்று சந்தேகிக்க இடமுண்டு. விண்டோஸ் செக்கியூரிட்டியில் 'ஒப்லைன் ஸ்கேன்' கொடுங்கள். ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழும்ப முதலே தேடும், 15 நிமிடம் அளவில் முடியும். கட்டணம் இல்லை.

எல்லாம் பார்த்தும் பிடிபடாவிட்டால் கடைசியாக ஒரு சோதனை. விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்ட ஒரு 8 ஜிபி பென் டிரைவிலிருந்து லெப்டொப்பை ஓன் பண்ணி, எதையும் நிறுவாமல் அரை மணி நேரம் பாவித்துப் பாருங்கள். அதில் வேகமாக ஓடினால் சிப், ரெம், சார்ஜர், விசிறி எல்லாம் நலம், பழுது டிஸ்க்கில் அல்லது விண்டோஸில். அதிலும் ஊர்ந்தால் போர்மட் அடித்துப் பயனேயில்லை. டிஸ்க் ஆரோக்கியமாக இருந்து, லினக்ஸில் வேகமாக ஓடி, விண்டோஸில் மட்டும் மந்தமென்றால், அப்போது போர்மட் சரியான மருந்து. நாங்களும் அடிப்போம்.

இன்னுமொன்று. விண்டோஸ் 10க்கான மைக்ரோசொப்டின் ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. "அதனால்தான் உங்கள் லெப்டொப் ஸ்லோ, புதுசு வாங்குங்கோ" என்ற பேச்சு அடிபடுகிறது. ஆதரவு முடிந்ததால் நின்றது வழமையான பாதுகாப்பு அப்டேட்கள். அது ஒரு கவலைதான், ஆனால் அதனால் லெப்டொப்பின் வேகம் ஓர் அணுவும் குறையாது. மந்தத்துக்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

திருத்தும் தொழிலில் உள்ள சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். டிஸ்க்கின் நிலை, பத்து நிமிடம் ஓடிய பின் சூடு, காட்டும் ரெம் அளவு, சார்ஜரின் வோட் ஆகிய நான்கையும் லெப்டொப்பைத் திருத்த வாங்கும்போதே பார்த்து, பற்றுச்சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுங்கள். கால் மணி நேர வேலை. மாற்றிய டிஸ்க்கையும் ரெம்மையும் உரியவரிடமே திருப்பிக் கொடுங்கள், டிஸ்க்கில் அவருடைய கோப்புகள் இருக்கின்றன. வாடிக்கையாளர்களும் இந்த நான்கு எண்களைக் காணாமல் போர்மட்டுக்குச் சம்மதிக்க வேண்டாம்.

இங்ஙனம்,
கணினி திருத்துநர்கள் சிலர்,
கல்லடி, மட்டக்களப்பு.